வீட்டுக்கு வந்த பொடவுகள்

எங்கள் செங்கட்டாம்பட்டியில் வீடுகளுக்குத் தானாக ஓர் அறை கூடின வருஷத்தைக் கேட்டால், ஒருத்தர் மாடு கன்று போட்டதை வைத்துச் சொல்வார், ஒருத்தர் மகள் சடங்கை வைத்துச் சொல்வார், நான் என் மகள் யாழினிக்குக் கழுத்து நின்ற மாசம் என்று சொல்வேன், ஆனால் அது மத்தியானம் ஒரு மணி என்பதில் மட்டும் யாருக்கும் வேறு பேச்சு இல்லை, ஏனென்றால் குவாரியில் சங்கு ஊதி வெடி போடுகிற நேரம் அதுதான்.

ஊருக்கு மேற்கே அக்கா மலையும் தங்கச்சி மலையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. அதில் பெரியவளான அக்கா மலையை ஒன்பது வருஷமாக அறுத்துக்கொண்டிருந்தார்கள். யாழினி அப்பா அங்கேதான் கம்ப்ரசர் பிடிக்கிறார், தவமணி என்று பேர், பாறையில் குழி போடுவது அவர் வேலை, குழிக்குள் மருந்து நிரப்புவது வேறு ஆள். முதல் சங்கு ஊதினால் ஊரே வீட்டுக்குள் போய்க் கதவு நிலைக்குக் கீழே நிற்போம், வெடித்து முடிந்து ரெண்டாம் சங்கு ஊதினால் விட்ட வேலையைத் தொடுவோம், சோற்றில் விழுந்த தூசியை ஊதிவிட்டுச் சாப்பிடுவோம், இது எங்களுக்கு மூச்சு விடுவது மாதிரிப் பழகிப்போயிருந்தது.

அந்த ஐப்பசியில் ஒருநாள் ரெண்டாம் சங்கு ஊதினபோது, மேலத்தெரு சோலைமலை அண்ணன் வீட்டு அடுப்படிக்குப் பின்னால், காலையில் சுவர் இருந்த இடத்தில், ஓர் அறை இருந்தது. கூரையும் பாறை, தரையும் பாறை, மூலையில் ரெண்டு முள்ளம்பன்றி. பாறைக்குள் குடைந்தது போல இருக்கிற இடத்தை எங்கள் பக்கம் பொடவு என்போம், மிருகம் ஒண்டுகிற இடம். சோலைமலை அண்ணன் சின்ன வயசிலிருந்து அக்கா மலையில் ஆடு மேய்த்தவர், அவர் உள்ளே குனிந்து போய், கூரையில் இருந்த கறுப்பைத் தொட்டுப் பார்த்து, "இது நான் மழைக்கு ஒதுங்குற பொடவுல்ல. இந்தா, நான் தீ மூட்டுன கரி" என்றார். அவர் சம்சாரம் கேட்டது ஒரே கேள்விதான்.

"பன்னி வெங்காயம் திங்குமா? திங்கும்னா சொல்லுங்க, எடுத்து மேல கட்டணும்."

அன்றைக்குப் பிறகு வெடியில் பொடவு உடைந்த நாளெல்லாம் ஒரு வீட்டில் ஓர் அறை கூடியது. மலையில் எந்தப் பொடவு உடைந்ததோ அது குடியிருக்கிற உயிரோடு எழுந்து வந்து ஏதோ ஒரு வீட்டின் பின்சுவரில் ஒட்டிக்கொண்டது. வடக்குத் தெருவில் ஒரு வீட்டுக்கு வௌவால் வந்தது, நானூறு ஐநூறு இருக்கும், அந்த வீட்டில் கொசு இல்லாமல் போனதால் பக்கத்து வீட்டார் பிள்ளைகளை அங்கே தூங்க அனுப்பினார்கள். ரேஷன் கடைக்காரர் வீட்டுக்கு உடும்பு வந்தது. ஒரு வீட்டுக்கு மலைப்பாம்பு வந்து, எலி பிடிக்க வைத்திருந்த பூனை கோபித்துக்கொண்டு வேறு வீட்டுக்குப் போய்விட்டது. பெண் பார்க்க வந்தவர்கள் எத்தனை பவுன் என்று கேட்பதற்கு முன்னால் வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள், மரநாய் என்று சொன்னால் கொஞ்சம் முகம் சுளித்து, செதில் போர்த்தின எறும்புதின்னி அலுங்கு என்று சொன்னால் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஊர்க் கூட்டத்தில் பேசி மூன்று கட்டுப்பாடு போட்டோம், யாரும் எதையும் அடிக்கக் கூடாது, யாரும் எதையும் விற்கக் கூடாது, பொழுது சாயும்போது அவை இரை தேடித் தங்கச்சி மலைக்குப் போவதற்கு எல்லா வீட்டுப் பின்கதவும் திறந்திருக்க வேண்டும். காலையில் வாசல் தெளிக்கும்போது அவை வரிசையாகத் திரும்பி வரும், நாங்கள் கோலம் போடுவதை நிறுத்தி வழி விடுவோம், வழி விட்டபிறகு மீதிக் கோலத்தைப் போடுவோம்.

எங்கள் வீட்டுக்குக் கார்த்திகையில் வந்தது. எங்களுடையது அரசாங்கம் கட்டிக் கொடுத்த தொகுப்பு வீடு, கதவு எண் இருபத்து மூன்று, ஓர் அறையும் ஓர் அடுப்படியும். நான் யாழினியைத் தூளியில் போட்டுவிட்டு நிலைக்குக் கீழே நின்றேன், வெடித்தது, ரெண்டாம் சங்கு ஊதியது, திரும்பிப் பார்த்தால் தூளிக்குப் பின்னால் பொடவு, பொடவுக்குள் கரடி.

யாழினி அப்பா வேலை முடிந்து வந்தார்.

"ஏங்க, சத்தம் போடாம வாங்க. உள்ள ஆள் இருக்கு."

"யாரு, உங்கம்மாவா?"

"கரடி."

அவர் எட்டிப் பார்த்தார். குழாயடிக்குப் போய் உடம்பில் ஒட்டின கல்தூசியைக் கழுவிவிட்டு வந்து மறுபடி பார்த்தார்.

"மாசமா இருக்கு போல."

"நானும் அதான் நினைச்சேன்."

"நான்தான் இன்னைக்கு அந்தப் பக்கம் குழி போட்டேன்" என்றார்.

மூன்று நாள் நான் பொடவின் வாசலில் கட்டிலைச் சாய்த்துக் கயிறு கட்டி வைத்தேன், கரடியின் நகம் என் விரல் நீளம் இருந்தது, என் பிள்ளைக்கு இன்னும் கவிழக்கூடத் தெரியாது. நாலாம் நாள் யாழினி வயிற்றுவலியில் விடாமல் அழுதாள், தோளில் போட்டேன், ஓமத்தண்ணீர் கொடுத்தேன், அடங்கவில்லை. அப்போது அந்தக் கரடி தன் பாதத்தைச் சூப்பிக்கொண்டு தேன்கூடு இரைவது போல ஒரு முனகல் முனகியது, விட்டு விட்டு இல்லை, இழுத்துக்கொண்டே போகிற முனகல், அந்தச் சத்தத்தில் தூளி லேசாக நடுங்கியது, பிள்ளை தூங்கிப்போனாள். நான் போய்க் கயிற்றை அவிழ்த்துவிட்டேன்.

மார்கழியில் அது ரெண்டு குட்டி போட்டது. ஊர்ப் பெண்கள் பிள்ளை பார்க்க வந்தார்கள், தெருவுக்கு ஒரு முறம் என்று கறையான் புற்றை வெட்டி, கறையானோடு எடுத்து வந்தார்கள், இலந்தைப் பழம் கொண்டுவந்தார்கள். கண் படாமல் இருக்க மை வைக்க வேண்டும் என்று ஒருத்தி சொல்ல, பக்கத்து வீட்டு ஒச்சம்மா மதினி, யாழினி அப்பாவின் கூடப் பிறந்த அக்கா, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"கறுப்புக்கு மேல எந்தக் கறுப்பை வைப்ப? சுண்ணாம்பை வைடி."

போகிக்கு முந்தின நாள் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது பொடவை மட்டும் விட மனசு வரவில்லை. கரடி இரைக்குப் போயிருந்தது, குட்டிகள் மூலையில் கிடந்தன, கை எட்டுகிற உயரம் வரைக்கும் பாறையில் வெள்ளை அடித்தேன். ஆணி ஒன்று அடித்து நாள்காட்டி மாட்டினேன். வாசலுக்கு ஒரு மரநிலை வைத்து யாழினி அப்பா நீலப் பெயிண்ட் அடித்தார். அது எங்கள் வீட்டு அறை, வேறு எப்படி வைத்துக்கொள்வது.

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள், படித்த வரைக்கும் வகுப்பில் கை தூக்கினதில்லை. ஆனால் எழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று அங்கன்வாடி டீச்சர் சொட்டு மருந்து நாளில் என்னைத்தான் துணைக்குக் கூப்பிடுவார். டீச்சர் பேசுவார், மருந்து விடுவார், நான் சாக்பீஸால் கதவில் குறிப்பேன். மேலே வீட்டு எண், ஒரு கோடு, கீழே எத்தனை பிள்ளை. எல்லாப் பிள்ளையும் மருந்து குடித்திருந்தால் பக்கத்தில் ஒரு சரி. பிள்ளை வீட்டில் இல்லை, ஊருக்குப் போயிருக்கிறது என்றால் ஒரு பெருக்கல் குறி. பெருக்கல் குறி போட்ட வீட்டுக்கு மறுநாள் திரும்பப் போக வேண்டும், அது இருக்கிறவரை டீச்சர் தாளில் கையெழுத்துப் போட மாட்டார்.

அந்தத் தையில் எங்கள் வீட்டுக் கதவில் பிள்ளை ஒன்று என்று எழுதி முடித்தபோது, உள்ளே குட்டிகள் பால் குடிக்கிற சத்தம் கேட்டது. நான் டீச்சரைப் பார்த்தேன். டீச்சர் என்னைப் பார்த்தார்.

"எழுதேன். சாக்பீஸ் தேஞ்சா போயிரும்?"

நீல நிலையின் மேல், இருபத்து மூன்று, கோடு, கரடிக் குட்டி ரெண்டு என்று எழுதினேன். பிறகு அறை வந்த ஒவ்வொரு வீட்டிலும் அந்த அறை வாசலின் பாறையில் அப்படியே எழுதினோம், முள்ளம்பன்றிக் குட்டி ஒன்று, அலுங்குக் குட்டி ஒன்று, வௌவாலுக்கு மட்டும் எண்ண முடியாமல் நிறைய என்று எழுதினோம். எண்ணிப் பார்த்தால் மொத்தம் இருபத்து மூன்று அறைகள், ஒரு பெருக்கல் குறி இல்லை. அன்று ஊர் முழுக்க ஒரு மிதப்பில் இருந்தது, மலையை அறுத்தாலும் மலை எங்களை நம்பித் தன் பிள்ளைகளை அனுப்புகிறது, ஒன்றும் சேதம் இல்லை என்று நினைத்துக்கொண்டோம். எங்கள் தப்பு அங்கேதான் இருந்தது.

ஏனென்றால் வெடி விழுந்தால் அறை வரும் என்று ஆனபிறகு, அறை வேண்டியவர்கள் வெடியைக் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். ஒச்சம்மா மதினிக்கு ரெண்டு மகன்கள், ரெண்டு பேரும் திருப்பூரில் பனியன் கம்பெனியில், பண்டிகைக்கு வந்தால் படுக்க இடமில்லை என்று மருமகள்கள் ஒரே நாளில் திரும்பிப் போகிறார்கள் என்று மதினிக்குத் தாங்காத குறை. தினமும் தம்பியிடம் வந்து நின்றாள்.

"டேய், ஊரெல்லாம் அறை அனுப்புற. கூடப் பொறந்தவளுக்கு ஒன்னு அனுப்ப மாட்டியா?"

"அது என் கையிலயா இருக்கு?"

"உன் கையிலதானடா மிசினு இருக்கு. நல்ல பெரிய பொடவாப் பாத்து ஒரு குழி போடு."

"சரி, மாடியோட அனுப்புறேன், போ" என்று இவர் சிரித்தார்.

மாசி முதல் வாரத்தில் ஒருநாள், அக்கா மலையின் வடக்கு முகத்தில், நின்ற வாக்கில் ஓர் ஆள் உயரத்துக்குப் பொடவு இருக்கிற இடம் பார்த்து இவர் குழி போட்டார். வெடித்தது. ரெண்டாம் சங்கு ஊதியது. கதவு எண் இருபத்து நாலு, மதினி வீட்டுப் பின்சுவரில், ஊரிலேயே பெரிய அறை வந்தது, காற்றோட்டமான அறை, ஜன்னல் மாதிரி ஓர் ஓட்டைகூட இருந்தது. மதினி தெருவில் நாலு பேரைக் கூப்பிட்டுக்கொண்டு உள்ளே போனாள். நாங்களும் போனோம். உள்ளே யாரும் இல்லை. பாறையின் ஓரத்தில் ஒரு குழிவில் கோட்டான் முட்டை மூன்று கிடந்தது, பக்கத்தில் ஒற்றை இறகு. அடை காத்த தாயைக் காணோம்.

அதுவரைக்கும் வந்த எந்த அறையும் ஆளில்லாமல் வந்ததில்லை. மதினி முட்டைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள், பிறகு எழுந்து போய்த் தன் அடைக்கோழிக்குக் கீழே வைத்தாள். இருபத்தோரு நாள் கோழி இறங்கவில்லை. நாற்பது நாளும் இறங்கவில்லை. மதினி கோழியின் வாய்க்கே இரை கொண்டுபோய்க் கொடுத்தாள். நாற்பத்தோராம் நாள் முட்டைகளை எடுத்து முருங்கைக்கு அடியில் புதைத்தோம், அதற்குப் பிறகும் கோழி வெறும் வைக்கோலில் ஒரு வாரம் உட்கார்ந்திருந்தது. தங்கச்சி மலையிலிருந்து பொழுது சாயும்போது ஒரு கோட்டான் அலறும், வேறு வருஷமாக இருந்தால் சகுனம் சரியில்லை என்று விரட்டியிருப்பார்கள், அந்த வருஷம் யாரும் அப்படிச் சொல்லவில்லை, எல்லாரும் கைவேலையை நிறுத்திக் கேட்டார்கள்.

டீச்சர் என்னைக் கூட்டிக்கொண்டு மதினி வீட்டுக்குப் போனார். நான் இருபத்து நாலு என்று எழுதி, கோடு போட்டு, கீழே பெருக்கல் குறி போட்டேன்.

யாழினி அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை. "கேட்டது அவ. போட்டது நான்" என்றார். பிறகு சொன்னார், "நாகு, அடுத்து தங்கச்சி மலைக்கு லைசென்ஸ் கேட்டிருக்காங்க. இந்தப் பங்குனிக் கடைசியில கூட்டம் வச்சுக் கருத்துக் கேப்பாங்களாம்."

நான் எழுந்து வாசலுக்குப் போய்த் தங்கச்சி மலையைப் பார்த்தேன். தினமும் பொழுது சாய எங்கள் வீட்டுக் கரடி குட்டிகளை முதுகில் ஏற்றிக்கொண்டு போவது தங்கச்சி மலைக்குத்தான். கறையான் அங்கே, இலந்தை அங்கே, தண்ணீர்ச் சுனை அங்கே. அறை எங்களிடம் இருக்கிறது, சோறு அவளிடம் இருக்கிறது. அவளையும் அறுத்தால் இருபத்து மூன்று அறையிலும் நான் பெருக்கல் குறி போட வேண்டிவரும்.

கூட்டம் பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டு நடந்தது. மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரியம்மா வந்திருந்தார், குவாரி மேனேஜர் குணாளன் வந்திருந்தார். அறிக்கையை வாசித்தார்கள், தடித்த புத்தகம், அதில் தங்கச்சி மலையிலும் அதை ஒட்டியும் வனவிலங்கு எதுவும் காணப்படவில்லை என்று இருந்தது. பந்தலில் ஒரு சிரிப்பு ஓடியது. சோலைமலை அண்ணன் எழுந்து, என் வீட்டிலேயே ரெண்டு முள்ளம்பன்றி இருக்கே சார் என்றார்.

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றார் மேனேஜர், கோபமில்லாமல். "உங்க வீட்டுல இருக்கு. மலையில இருக்குன்னு சொல்லலையே. வீட்டுல இருந்தா அது வீட்டு விலங்கு. ஆடு மாடு மாதிரி. சட்டப்படி மலை காலி."

ஒச்சம்மா மதினி உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள், "சார் எங்க தங்கியிருக்கீங்க?"

"டவுன்ல, லாட்ஜுல."

"எத்தனை வருசமா?"

"ஒன்பது வருசமா."

"அப்ப உங்க சொந்த ஊரு லாட்ஜா?"

பந்தல் குலுங்கியது. அதிகாரியம்மாகூடக் குனிந்து பேனாவைத் தேடினார். ஆனால் சிரிப்பு அடங்கின பிறகு, "சொல்றதை எழுத்துல பதிவு பண்ணுனது ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். டீச்சர் என் முதுகில் கை வைத்துத் தள்ளினார்.

யாழினியை இடுப்பில் வைத்துக்கொண்டு மைக் முன்னால் போய் நின்றேன். இருநூறு பேர் இருப்பார்கள். யாழினி மைக்கைப் பிடித்து வாயில் வைத்து ஒரு ஊளை விட்டாள், அது ஊர் முழுக்கக் கேட்டது. அந்தச் சத்தம் ஓய்வதற்குள் சொல்லிவிட்டேன்.

"எழுதியிருக்கு மேடம். வீட்டுல எழுதியிருக்கு. பாத்துட்டு எழுதுங்க."

அதிகாரியம்மா நாற்காலியைத் தள்ளி எழுந்தார். அவர் எழுந்ததால் எல்லாரும் எழுந்தார்கள், மேலத்தெருவிலிருந்து கூட்டம் நடக்க ஆரம்பித்தது, முன்னால் நான், பக்கத்தில் அவர், பின்னால் மேனேஜர், அவருக்குப் பின்னால் ஊர். முதல் வீட்டில் குறியை வாசித்தபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை. மூன்றாம் வீட்டில் பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்டது. பத்தாம் வீடு தாண்டும்போது தெருமுனையில் நின்றவர்கள் தலையைத் திருப்பினார்கள். அலுங்குக் குட்டி ஒன்று, மரநாய்க் குட்டி மூன்று, உடும்பு முட்டை பதினெட்டு, இன்ன பொடவு, அக்கா மலையில் இன்ன முகத்தில் இருந்தது என்று நான் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டே வந்தார். எங்கள் வீட்டில் யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றினார். கரடி தூங்கிக்கொண்டிருந்தது, குட்டிகள் ஒன்றின் மேல் ஒன்று, நாள்காட்டி, வெள்ளையடித்த பாறை, நடுவில் தொங்குகிற தூளி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "எவ்வளவு நாளா?" என்று ரகசியமாகக் கேட்டார்.

"கார்த்திகையிலேருந்து, மேடம்."

மதினி வீட்டில் பெருக்கல் குறியில் விரல் வைத்தார். "இது என்ன? ஒன்னும் இல்லைன்னு அர்த்தமா?"

"இல்ல மேடம். நாம போனப்ப ஆள் இல்லைன்னு அர்த்தம். திரும்ப வரணும்னு அர்த்தம். இது இருக்குற வரைக்கும் வேலை முடியலைன்னு அர்த்தம்."

அவ்வளவு நீளமாக நான் அதுவரைக்கும் வெளியாட்களிடம் பேசினதில்லை.

மேனேஜர் பக்கத்தில் நின்ற யாழினி அப்பாவைக் காட்டி, "இவரு எங்க ஆளுதான், மேடம். இவரை மாதிரி அறுபது பேரு. மலையைத் தொடக் கூடாதுன்னா இவங்க எங்க போவாங்க?" என்றார். அது நியாயமான கேள்விதான், எங்கள் வீட்டுச் சோறும் அதில்தான் இருந்தது.

யாழினி அப்பா முண்டாசை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார், "வேலை வேணும் மேடம். குழி எங்க போடணும்னு சொல்லுங்க, போடுறேன். எங்க போடக் கூடாதுன்னும் சொல்லுங்க. இத்தனை வருசத்துல அதை மட்டும் யாரும் எங்ககிட்டச் சொன்னதில்ல. பொடவு எங்க இருக்குன்னு அடிக்கிற சத்தத்துலயே எனக்குத் தெரியும். கேட்டா நான் காட்டிருப்பேன்."

சித்திரையில் உத்தரவு வந்தது. தங்கச்சி மலையில் ஒரு கல்லைக்கூட எடுக்கக் கூடாது. அக்கா மலையில் தெற்கு முகத்தில் மட்டும் அறுக்கலாம், வடக்கு முகம் அப்படியே நிற்க வேண்டும். கார்த்திகையிலிருந்து சித்திரை முடிய வெடி கிடையாது, கல்லை மிசினால் அறுத்து எடுக்கிற வேலைதான். மற்ற மாசத்தில் மருந்து குறைத்து, மேலே மண்மூட்டை அடுக்கித்தான் வெடிக்க வேண்டும். ரெண்டு மலைக்கும் நடுவில் லாரிப் பாதை போகக் கூடாது, அங்கே இலந்தையும் ஆலும் வைக்க வேண்டும். எல்லைக்கோடு எங்கே போடுவது என்று அளக்க வந்தவர்கள் திணறினபோது, யாழினி அப்பா சுண்ணாம்புச் சட்டியை வாங்கிக்கொண்டு பாறையில் ஏறி, கம்பியால் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டு, வடக்கே ஒரு பொடவும் விடுபடாமல் கோட்டை இழுத்துக்கொண்டே போனார். ஊர் கீழே நின்று பார்த்தது. குழி போடுகிறவன் பெண்டாட்டி என்று என்னை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்கள், அன்று கோடு போட்டவர் பெண்டாட்டி என்று சொன்னார்கள்.

வைகாசியில் முதல் மழை பெய்த மறுநாள் மறுபடி வெடி. சங்கு ஊதியது, நிலைக்குக் கீழே நின்றோம், அரிசி மூட்டை இறக்கிவைத்த மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். ரெண்டாம் சங்கு ஊதியது. திரும்பினேன். தூளிக்குப் பின்னால் சுவர் இருந்தது, சிமெண்டுப் பூச்சு உதிர்ந்த எங்கள் பழைய சுவர். கரடி இல்லை, குட்டிகள் இல்லை, வெள்ளையடித்த பாறை இல்லை, நாள்காட்டியும் நீல நிலையும்கூட இல்லை. தெருவில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆட்கள் வெளியே வந்து ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். யாழினிக்கு அப்போதுதான் தவழ வந்திருந்தது, நேராகத் தவழ்ந்து போய்ச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். வீடு ரொம்பச் சின்னதாகத் தெரிந்தது.

ஒரு வாரம் கழித்துத் தங்கச்சி மலை அடிவாரத்தில் ஆடு மேய்த்துவிட்டு வந்த சோலைமலை அண்ணன் எங்கள் வாசலில் நின்றார்.

"தவமணி, உங்க வீட்டு நிலை மேல இருக்குப்பா. இங்கருந்தே நீலம் தெரியுது."

ஏறிப் பார்க்க எல்லாருக்கும் ஆசைதான், ஆனால் குட்டி வைத்திருக்கிற இடம், வருஷத்துக்கு ஒரே ஒரு நாள் கணக்கெடுக்க மட்டும் போகலாம் என்று ஊர்க் கூட்டத்தில் பேசிவிட்டோம். எந்த நாள் என்பதில் சண்டையே வரவில்லை, சொட்டு மருந்து நாள்.

அடுத்த தை வந்தது. ஊருக்குள் குறித்து முடித்துவிட்டு, டீச்சர் முட்டிவலிக்காரர் என்பதால் அடிவாரத்தில் மருந்துப் பெட்டியோடு உட்கார்ந்துகொள்ள, நானும் யாழினி அப்பாவும் ஒச்சம்மா மதினியும் ஏறினோம், யாழினி அவர் தோளில். முதல் பொடவில் மழைக்கு மூட்டின தீயின் கரி ஒட்டின கூரை, சோலைமலை அண்ணன் வீட்டு எண் என் கையெழுத்தில் அழியாமல் இருந்தது. மூலையில் ஒரு வெங்காயச் சருகு. அடுத்ததின் வாசலில் யாரோ போட்ட பாதிக் கோலம். எங்கள் ஊரே அந்த மலையில் ஏறிப் போயிருந்தது. எங்கள் அறைக்கு வந்தோம். நீல நிலை பாறையில் பொருந்தி நின்றது. உள்ளே என் கை எட்டின உயரம் வரைக்கும் வெள்ளை, அதற்கு மேலே பாறை. நாள்காட்டியில் வைகாசித் தாள். இருட்டுக்குள்ளிருந்து அந்த முனகல் வந்தது, இப்போது மூன்று குரலாக. யாழினி அப்பன் தோளிலேயே கண் சொக்கினாள். நாங்கள் உள்ளே போகவில்லை, நான் இருபத்து மூன்றுக்குக் கீழே இருந்ததை அழுத்தி ஒருதரம் மறு எழுத்து எழுதிவிட்டு நகர்ந்தேன்.

இருபத்து நாலு மலையின் உச்சிக்குப் பக்கத்தில் இருந்தது, நின்ற வாக்கில் ஓர் ஆள் உயரம், ஜன்னல் மாதிரி ஓட்டை. மதினி கடைசிப் பத்தடி நடக்கவில்லை.

"நீ போய்ப் பாரு. நான் இங்கனயே இருக்கேன்."

"வாங்க மதினி."

"வெறுமனே கிடந்தா என்னால பாக்க முடியாது, நாகு."

நான் போனேன். பெருக்கல் குறி அப்படியே இருந்தது. உள்ளே பழைய குழிவில், வெயில் விழுகிற இடத்தில், அழுக்குப் பஞ்சு போல ரெண்டு குஞ்சு உட்கார்ந்து என்னை முறைத்தன, பக்கத்துப் பாறையில் கொம்பு மாதிரி ரெண்டு இறகைத் தூக்கிக்கொண்டு தாய்க் கோட்டான். நான் கையை மட்டும் ஆட்டினேன். மதினி வந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"கொடு அதை" என்று என் கையிலிருந்த சாக்பீஸை வாங்கினாள். அவளுக்கு எழுதத் தெரியாது. முந்தானை நுனியை எச்சிலில் நனைத்துப் பெருக்கல் குறியைத் துடைத்தாள், துடைத்த இடத்தில் ரெண்டு கோடு போட்டாள், ஒரு குஞ்சுக்கு ஒரு கோடு, கோணலாக, பாறையில் ஆழமாக.

கீழே இருந்து டீச்சர் கையைக் குவித்துக் கூப்பிட்டார், எத்தனை வீடு என்று. அவ்வளவு தூரத்துக்குக் கேட்க வேண்டும் என்றால் கத்தித்தான் ஆக வேண்டும். யாழினி அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பாறை விளிம்புக்குப் போய் நின்றேன்.

"ஊருக்குள்ள நூத்திப் பதினாறு, டீச்சர். மலையில இருபத்தி நாலு. பெருக்கல் குறி ஒன்னும் இல்ல."

எதிரே அறுத்த காயத்தோடு நிற்கிற அக்கா மலை, என் குரலை ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொன்னது. டீச்சர் தாளில் கையெழுத்துப் போட்டார்.